மெஷினைத் தூங்க வைத்த தாலாட்டு

சும்மா இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்ட இன்னொரு மனிதரை ஜொகூர் மாநிலம் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப் போவதுமில்லை. அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி செடெனாக்கில் எங்கள் அலுவலகத்தில் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் தாலாட்டுதான்.

பெயர் வைத்தது கேன்டீன் அக்கா. முதல் நாள் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டியபடி, "என்னா வேல தம்பி உங்களுக்கு?" என்று கேட்டார்.

"மெஷினத் தூங்க வைக்கிறது, அக்கா."

"அட! தாலாட்டா?"

அவ்வளவுதான். மாலைக்குள் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தில் அடுக்கடுக்காகக் கணினிகள். அவற்றின் இயங்குதளத்தை எங்கள் குழு பார்த்துக்கொண்டது. நான் கண்காணிப்பு புரோகிராம்கள் எழுதுகிறவன். அவர் இயங்குதளத்தின் அடிவயிறான கெர்னலில் ஒரே ஒரு மூலையைக் கவனிக்கிறவர். வேலையில்லாத நேரத்தில் ப்ராசஸர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அந்த மூலை. இடைவெளி சின்னது என்றால் கண்ணை மூடினால் போதும். பெரியது என்றால் ஆழ்ந்து தூங்கலாம். மின்சாரம் நிறைய மிச்சமாகும், ஆனால் எழுந்திருக்க நேரமாகும், எழுப்பவும் செலவாகும். ஆகவே அடுத்த வேலை எப்போது வரும் என்று கெர்னல் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தைத் திருத்துவதிலேயே தாலாட்டு தன் தலைமுடியில் பாதியை இழந்திருந்தார்.

அதை அலுவலகத்தோடு விட்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பாயிடம் போவார்.

"பாய், இப்ப லேசா சும்மா இருக்கீங்களா, ஆழமா சும்மா இருக்கீங்களா?"

"உக்காந்திருக்கேன்லா!"

"தெரியுது. கூப்பிட்டா எவ்ளோ நேரத்துல எந்திரிப்பீங்க?"

"ஒங்கள வெளிய தள்ளணும்னா ஒடனே எந்திரிப்பேன்."

தாலாட்டு மனம் நோகவில்லை. "நல்ல வேகம்ணே, பாய்க்கு" என்று என்னிடம் மெச்சிக்கொண்டே தே தாரேக் டீயை ஆற்றினார்.

ஒரு காலையில் சிங்கப்பூர் வாடிக்கையாளரைப் பார்க்க அவருடைய பழைய காரில் கிளம்பினோம். கெலாங் பாத்தாவைத் தாண்டியதும் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி ஒரு கிலோமீட்டருக்கு ஜாம். கார் நின்றதும் இஞ்சினை அணைத்தார். நகர்ந்ததும் போட்டார். மறுபடி அணைத்தார்.

"என்னய்யா பண்றீங்க?"

"கடைசி எட்டு தடவ எவ்ளோ நேரம் நின்னோம்னு பாக்குறேண்ணே. அத வச்சு ஒன்பதாவது தடவ எவ்ளோ நேரம்னு கணக்கு. நம்ம கெர்னலும் இப்படித்தான்."

"எட்டும் எட்டு விதமா இருக்கே!"

"அதாண்ணே பிரச்சினையே."

ஒன்பதாவது தடவை பேட்டரி செத்துப் போனது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார், நானும் அவருமாகத் தள்ளினோம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தாலாட்டு ஜன்னல் வழியாகச் சொன்னார்: "பாத்தீங்களாண்ணே, எழுப்புறதுக்கு எவ்ளோ செலவாவுதுன்னு?"

இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது வாடிக்கையாளர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்தில் ஓர் அறை நிறையப் புதுக் கணினிகளை வாடகைக்கு எடுத்திருந்தார், இன்னும் எந்த வேலையும் கொடுக்கவில்லை. ஆனால் அவை நாள் முழுக்க மாடாக உழைப்பதுபோல் மின்சாரம் குடித்தன. சும்மா இருக்கிற மெஷின் ஏன் சுடுகிறது என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து.

மேனேஜர் புஷ்பா மேடம் தாலாட்டைக் கூப்பிட்டு விரட்டினார். போதாக்குறைக்கு என்னுடைய வார அறிக்கையும் தாலாட்டுக்கு எதிராகவே நின்றது. வாரா வாரம் அதில் ஒரே வரிதான்: 'ஆழ்ந்து தூங்கும் ப்ராசஸர்கள்: இல்லை.'

தாலாட்டு ஒரு சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரூட்டிய கணினி அறைக்குள் போனார். மூன்று பகல் அங்கேயே கிடந்தார். வியாழக்கிழமை மாலை கம்பளியோடு என் மேசைக்கு வந்து ரகசியமாகச் சொன்னார்.

"அண்ணே, யாரோ எழுப்புறாங்க."

"யாரு?"

"ஒரு புரோகிராம். ஒவ்வொரு ப்ராசஸர்கிட்டயும் போயி, 'தூங்கிட்டியா, தூங்கிட்டியா'ன்னு கேக்குது. செகண்டுக்கு ஆயிரம் தடவ. பதில் சொல்றதுக்காக அது எந்திரிக்குது."

அந்தப் புரோகிராமை எழுதியது நான். எத்தனை ப்ராசஸர் தூங்குகிறது என்று எண்ணத்தான் எழுதினேன். வினாடிக்கு ஒரு தடவை என்று நினைத்து மில்லிவினாடிக்கு ஒரு தடவை கேட்க வைத்திருக்கிறேன். எழுப்பி எழுப்பிக் கேட்டுவிட்டு, யாருமே தூங்கவில்லை என்று இந்த மனிதர்மேல் அறிக்கையும் எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் என் வேலை ஒப்பந்தம் வேறு முடிகிறது.

"அலமாக்... அது நான் எழுதுனதுய்யா."

தாலாட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "ஒங்க வீட்டுல யாராச்சும் நிம்மதியா தூங்குறாங்களாண்ணே?"

அங்கேயே அந்த எண்ணைத் திருத்தினோம். அறைக்குள் விசிறிகளின் இரைச்சல் மெல்ல அடங்கியது. சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்த காவலாளியைப் பார்த்துத் தாலாட்டு வாயில் விரல் வைத்தார். "ஷ்ஷ்! இப்பத்தான் தூங்குச்சு!" அவரும் பயந்துபோய்க் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். நடந்ததையெல்லாம் கூட்டத்தில் தாலாட்டு தெளிவாக விளக்கினார். வாடிக்கையாளர் முதல் முறையாகச் சிரித்தார். நான் மூச்சு விட்டேன்.

"எல்லாம் சரி, அந்தப் புரோகிராம எழுதுனது யாரு?" என்றார் புஷ்பா மேடம்.

நான் எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அதற்குள் தாலாட்டு கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நினைத்தோம். தலை சாய்ந்தது. பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு குறட்டை.

"ஹலோ! தாலாட்டு!" மேடம் மேசையைத் தட்டினார். பேனாவால் குத்தினார். அசையவில்லை. கேன்டீன் அக்கா கொண்டுவந்த சூடான கறிபாப்பை மூக்கருகே காட்டினார். குறட்டையின் சுருதிதான் ஏறியது. கடைசியில் வாடிக்கையாளரே மனம் இளகி, பாவம், மூன்று நாள் உழைப்பு, விட்டுவிடுங்கள் என்றார். எல்லோரும் நுனிக்காலில் வெளியேறினார்கள். மேடம் விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கண் திறந்தது. "போய்ட்டாங்களாண்ணே?"

"போய்ட்டாங்க."

"கறிபாப்ப வச்சிட்டுப் போனாங்களா?"

என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்ட பிறகு, மனசு கேட்காமல் மேடமிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே தெரியும்" என்றார் அவர். "மூச்சு இழுக்குறப்பவும் குறட்ட, விடுறப்பவும் குறட்ட. அப்படி எவனாச்சும் தூங்குவானா?"

தாலாட்டு இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறார். எப்போதாவது பேசுவோம். எனக்காகக் கண் விழித்தவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர் உண்டு. எனக்காகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.