ஃபோல்டர் அண்ணாச்சியிடம் எனக்கு மட்டும் இடமில்லை

பாட்டுக் கேட்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. பாட்டுகளுக்குத் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ஃபோல்டர் அண்ணாச்சிதான்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்களுக்கு எதிர் ஃப்ளாட். திருநெல்வேலிக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டுக் கம்ப்யூட்டரே கதி என்று உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்த பாட்டுகளைப் படம் வாரியாகவோ பாடகர் வாரியாகவோ பிரிக்கமாட்டார். ஆள் வாரியாகப் பிரிப்பார். மாடிப்படியில் யாராவது எதையாவது முணுமுணுத்துக்கொண்டு போனால் போதும், அந்த ஆள் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து பாட்டை அதில் போட்டுவிடுவார். பிறந்தநாளன்று பென் டிரைவில் ஏற்றி வீடு தேடி வந்து கொடுப்பார்.

என் மனைவிக்கு ஃபோல்டர் இருந்தது. வாட்ச்மேனுக்கு இருந்தது. தண்ணீர் லாரி ஓட்டி வருபவருக்குத் தெலுங்கில் ஒன்று, உருதுவில் ஒன்று. எனக்கு மட்டும் இல்லை.

வயிறு எரிந்தது. என் கம்ப்யூட்டரிலும்தான் பாட்டு கொட்டிக் கிடக்கிறது. 'நியூ ஃபோல்டர்', அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்' என்று. யார் சீந்தினார்கள்? மனைவியோ பென் டிரைவைச் செருகிவிட்டு, "எனக்கு என்ன பிடிக்கும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்பாள். யாருக்குத் தெரியவில்லை என்பதை அவள் சொல்லவே வேண்டியதில்லை.

அன்றிலிருந்து லிஃப்டைத் துறந்தேன். சின்ன வயதில் கேட்டு, வார்த்தை மறந்துபோன ஒரு பாட்டை, அவர் வாசலில் செருப்பைச் சரிசெய்வதுபோல் நின்று முழுவதும் முணுமுணுத்தேன். மாடி வீட்டு அம்மாள் நெஞ்சு வலிக்கிறதா என்று விசாரித்தார். என் பிறந்தநாளும் வந்தது. அண்ணாச்சி வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் நானே போய், எனக்கென்ன குறைச்சல் என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்க பாடுத பாட்டு எதுன்னே பிடிபடல, பாத்துக்கிடுங்க. பல்லவி ஒண்ணு மாதிரி கேக்கு, சரணம் வேற மாதிரி கேக்கு. தெனமும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். தப்பான பாட்டக் குடுத்துரக் கூடாதுல்லா."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். இருந்ததிலேயே பெரிய ஃபோல்டர் என்னுடையதுதான். அத்தனையும் இதுவாக இருக்குமோ என்று அவர் சேர்த்து வைத்த பாட்டுகள். நேராக வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

இப்போது அண்ணாச்சி மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு வரும், கீழே "இதுவா?" என்று. மனைவிக்கு எதுவும் வருவதில்லை, விசாரித்துவிட்டேன். "இல்லை அண்ணாச்சி" என்று பதில் போடுவேன். அடுத்த ஞாயிறு இன்னொன்று வரும்.

போன ஞாயிறு வந்தது, நான் அவர் வாசலில் முணுமுணுத்த அதே பாட்டுதான். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டேன்.

பிறகு, "இல்லை அண்ணாச்சி" என்று பதில் போட்டேன்.