ஏழாம் வட்டத்தில் ஒரு குழாய்

குழாய் இணைப்புக்கான விண்ணப்பத்தில் மொத்தம் இருபத்து மூன்று கேள்விகள். இருபத்திரண்டுக்கு உண்மையை எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில் மட்டும் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆனால் 'ஓவியர்' என்று எழுதினேன். அரசாங்கத் தாளில் அப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஐந்து வருடமாகப் பக்கத்து வீட்டுக் குழாயில்தான் எங்களுக்குத் தண்ணீர். காலையில் ஆறு வாளி, மாலையில் நாலு வாளி. சுமப்பது என் மனைவி. எனக்கு முதுகுவலி. போர்டு எழுதும்போது அது வருவதில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள், ஆனால் சொல்லிக் காட்டியதில்லை.

விண்ணப்பம் கொடுத்த பத்தாம் நாளே குடிநீர் அலுவலக அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். குழாய் வந்துவிட்டது என்றே ஓடினேன். ஆனால் வந்திருந்தது மேலிடத்துச் சுற்றறிக்கை. பிரபஞ்சத்தைப் பற்றி முன்னோர் கொண்டிருந்த ஞானத்தை விளக்கும் ஓவியம் ஒன்று எல்லா அலுவலகச் சுவர்களிலும் ஒரு மாதத்துக்குள் இடம்பெற வேண்டுமாம். போன வருடம் இப்படித்தான் தொட்டிச் செடி வைக்கச் சொன்னார்கள். அதற்கு முந்தின வருடம் மூச்சுப் பயிற்சி. செடிகள் செத்துவிட்டன, ஊழியர்கள் மட்டும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓவியர்னு போட்டிருக்கீங்களே, வானத்தைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

தெரியும் என்றேன். பொய் ஒன்று சொன்னால் அதற்குத் துணையாக இன்னொன்று வேண்டியிருக்கிறது. வரைந்து கொடுத்தால் நம் கோப்பும் நகரும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

நூலகத்தில் ஒரு பழைய படப்புத்தகம் கிடைத்தது. நடுவே பூமி. அதைச் சுற்றி ஏழு வட்டங்கள்: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், கடைசியில் சனி. மூன்று வாரம் சாரத்தில் ஏறி நின்று வரைந்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழும் அது ஒருமுறை சுற்றிவர ஆகும் காலத்தை, நகைக்கடை போர்டுக்கு மட்டுமே எழுதும் என் சிறப்பு எழுத்தில் எழுதினேன். சந்திரன், ஒரு மாதம். வியாழன், பன்னிரண்டு ஆண்டு. சனி, முப்பது ஆண்டு.

அதிகாரி வெகுநேரம் அதன் முன் நின்றார்.

"நடுவுல இருக்கிறது அசையாதா?"

"அசையாதுங்க சார். மத்ததெல்லாம் அதைத்தான் சுத்தி வரும்."

"அந்தக் காலத்துலயே ஆபீஸை எப்படிப் புரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கலைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் ஓர் ஆணை பிறந்தது. அதிகாரியின் மேசை கூடத்தின் நட்டநடுவுக்கு வந்தது. தரையில் சாக்பீஸால் ஏழு வட்டம் போட்டு, பிரிவுகளை அவற்றில் உட்கார வைத்தார்கள். இனி எந்தக் கோப்பும் அதிகாரியிடம் போகாது; அவரைச் சுற்றி வரும். அவருடைய சொந்த வேலைகளும் டீயும் முதல் வட்டத்தில். ஊழியர் விடுப்பு இரண்டாவதில். பொதுமக்களின் குழாய் இணைப்பு ஏழாவதில்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டுத் தலைமை எழுத்தரிடம் போனேன். நல்ல மனிதர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி அவருக்குத் தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

"உங்க ஃபைலுக்கு என்ன குறை? நல்லா சுத்திக்கிட்டு இருக்கு" என்றார்.

"எப்ப முடியும்?"

அவர் சுவரைக் காட்டினார். சனி, முப்பது ஆண்டு. தங்க நிறத்தில், நிழல் கொடுத்து, நானே எழுதியது.

"நீங்க எழுதினதுதானே? நாங்க ஒரு நாள்கூடக் கூட்டலை."

நேரே கூடத்தின் நடுவுக்குப் போய் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். முன்னோர் அப்படி நினைத்தது வாஸ்தவம்தான், ஆனால் பின்னால் வந்தவர்கள் பார்த்ததில், பூமியும் மற்றவை மாதிரி சுற்றுகிற ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டது. ஆகவே நடுவில் இருப்பவரும் கொஞ்சம் நகரலாம் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அப்ப படம் தப்பா? சுண்ணாம்பு அடிச்சிடச் சொல்லட்டுமா? நாளைக்கு மேலிடத்துல இருந்து திறந்து வைக்க வர்றாங்க. கல்லுல உங்க பேரை வேற வெட்டியாச்சு" என்று மேசைக்கடியில் இருந்த பளிங்குக் கல்லைக் காட்டினார். என் பெயர். அதற்கு முன்னால் 'ஓவியர்' என்ற சொல். என்னைவிட நன்றாக எழுதியிருந்தான், கல் வெட்டிய பாவி.

ஒரு பக்கம் பத்து வாளி. ஒரு பக்கம் நாலு எழுத்து.

"படம் சரிதான் சார்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. திறப்பு விழா முடிந்து பேப்பரில் என் படம் வந்ததும் வெட்கம் போய்விட்டது.

அதன் பிறகு எனக்கு ஓயாத வேலை. வரிசையில் நின்று அந்த அதிகாரியைத் திட்டியவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தனியே கூப்பிட்டு, தங்கள் வீட்டிலும் அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றார்கள். நடுவில் பூமிக்குப் பதிலாகத் தங்கள் முகம். தலைமை எழுத்தர்கூடக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் குழாய்க்கு மேலேயே வரையச் சொன்னார். எங்களை ஐந்தாம் வட்டத்தில் வைத்து, தண்ணீர் பிடிக்கும் நேரத்தையும் அதன்படி மாற்றினார். மனைவி இப்போது விடியுமுன்பே எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

எல்லோர் வீட்டிலும் இருக்கும்போது கலைஞன் வீட்டில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. எங்கள் கூடத்துச் சுவரிலும் வரைந்தேன். நடுவில் யார் என்று அதிகம் யோசிக்கவில்லை. மூக்கைக் கொஞ்சம் எடுப்பாக வைத்தேன். வரைந்து முடித்து, கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

மனைவி இரண்டு கையிலும் வாளியோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். வாளியை ஊற்றிவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு வெளியே போனாள். மூன்றாவது சுற்றில் மட்டும் நின்றாள்.

"நடுவுல இருக்கிறவர் கொஞ்சம் நகர்ந்தா தேவலை. தண்ணி சிந்துது."

முன்னோர் கணக்குப்படி நான் நகரக் கூடாது. காலை மட்டும் சற்றே மடக்கிக்கொண்டேன்.