டிரம் எலுமிச்சை விஷயமாக அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நீ வரும்வரை காவலிருக்கும் நானும் உன் தம்பி பெண்டாட்டியும் உன் வீட்டில் சுகம். அங்கே நீயும் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று போனில் "எலுமிச்சை எப்படிடா இருக்கு" என்று கேட்டாய். நான் வாயெடுப்பதற்குள் பேத்தி போனைப் பிடுங்கி நாய் மாதிரி குரைத்துக் காட்டினாள். அதுவும் நல்லதுக்குத்தான். இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. உட்கார்ந்துகொண்டு படி.

இந்த வருஷம் நம் மலையில் அடித்த குளிரை நீ பார்க்கவில்லை. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாக ஓர் இருமல்தான் வரும். வாசலில் வைத்த வாளியில் தண்ணீர் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. கொடியிலிருந்து எடுத்த சட்டை விறைத்துக்கொண்டு நின்றது. மடிக்க முடியாமல் சுவரில் சாய்த்து வைத்தேன். ஊருக்குக் கிளம்பும்போது நீ சொன்னது ஒன்றுதான்: "வேற எது போனாலும் பரவாயில்ல, உங்க அத்தான் வெச்ச எலுமிச்சை மட்டும் போயிடக் கூடாது." நான் காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன். லிஃப்டுக்கு இலை கிடையாது. ஆனாலும் நீ கிளம்பிய அன்றே வாசலை ஒட்டி நீல டிரம்மில் முள்ளும் இலையுமாக நின்றதை அடையாளம் கண்டுகொண்டேன். இலையைக் கசக்கினேன், எலுமிச்சை வாசனை வந்தது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

குளிர் முற்றிய சமயம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "சார், ஒரு விதத்துல நல்லதுதான். இந்தக் குளிருக்குப் பூச்சி எல்லாம் பூண்டோட ஒழிஞ்சிடும். வர்ற வருஷம் நீங்க மருந்தே அடிக்க வேணாம்" என்றார். படித்த மனிதர் சொல்கிறாரே என்று மருந்தடிக்கும் பம்பை அவருக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் பூச்சிக்கு முன்னால் செடிகள் போகும் போலிருந்தது. ரோஜா இலையெல்லாம் கருகி, எலுமிச்சை இலை சுருட்டிக்கொண்டது. செடிகளின் அடியில் காய்ந்த சருகைக் குவித்தேன். எலுமிச்சைக்குக் கையில் கிடைத்ததைப் போர்த்தினேன். மறுநாள் இவள் வாசலில் நின்று செடியை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, அது என் சால்வைதானே?"

"ஆமா."

"எனக்குக் குளிராதா?"

"நீ உள்ள வந்துடலாம். அது வர முடியாதே."

சொன்ன பிறகுதான், ஏன் வர முடியாது என்று தோன்றியது. நானும் டாக்டரும் டிரம்மைப் பாயில் ஏற்றி இழுத்து, ஹாலில் ஹீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். உன் ஹால் தரையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். துணைக்கு இருக்கட்டும் என்று மற்ற தொட்டிகளையும் உள்ளே எடுத்து வந்தோம். இவள், "யாராவது வந்தா எங்க உக்காருவாங்க?" என்றாள். இந்தக் குளிரில் யார் வரப்போகிறார்கள் என்றேன்.

வந்தார்கள் அக்கா. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சூடு பட்டதும் மண்ணுக்குள்ளும் இலைக்கடியிலும் பட்டை இடுக்கிலும் முட்டையாகவும் முடங்கியும் கிடந்ததெல்லாம் வசந்தம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டது. கொழுந்தில் கடுகைத் தூவின மாதிரி அசுவினி, காம்பில் மாவு அப்பின மாதிரி மாவுப்பூச்சி, அதுகள் விடும் இனிப்புக்கு எறும்பு. டாக்டர் டீ குடிக்க வந்த அன்று அவர் கப்பின் பிடியில் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது. அவர் கப்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பூச்சி எல்லாம் செத்துப்போச்சுன்னீங்க?" என்றாள் இவள், எங்கள் இருவரையும் பார்த்து.

"வெளியில செத்திருக்கும்மா" என்றார் டாக்டர்.

அதையும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் வெளியே போய், ரோஜாவின் அடியில் நான் குவித்த சருகை விலக்கிக் கிளறினோம். மேல்மண் கல்லாக இருந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் புழுக்கள் கொழுகொழுவென்று சுருண்டு படுத்திருந்தன. ஒன்றுக்குக்கூட உடம்புக்கு முடியாத மாதிரி தெரியவில்லை. செடிக்கு என்று நான் போட்ட போர்வைக்குள் அவை குடும்பத்தோடு தூங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் மண்ணை மூடிவிட்டு, "கதவைச் சாத்துங்க சார், பாவம்" என்றார்.

அதற்கப்புறம்தான் இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக இலை இலையாகத் துடைத்தோம். ஜன்னல் சந்தில் கருப்புப் புள்ளி போட்ட சிவப்பு வண்டுகள் குளிருக்கு ஒண்டியிருந்தன. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க, இது அசுவினியைத் தின்னும்" என்று தாளில் அள்ளிச் செடியில் விட்டாள். தின்றதுகள் அக்கா. சாயங்காலமெல்லாம் நாங்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைத்தான் பார்த்தோம். நான் வேலையை விட்டு வந்த பிறகு இத்தனை நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது இல்லை. டிவி போடச் சொல்லி அவள் கேட்கவே இல்லை.

இப்போது குளிர் விட்டுவிட்டது. நான் வெளியிலேயே விட்ட ரோஜா அடியிலிருந்து சிவப்பாகத் துளிர்க்கிறது. கண்ணும் கருத்துமாகக் காத்த எலுமிச்சைதான் ஹீட்டர் காற்றில் காய்ந்து, ஓர் இலை விடாமல் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. சுற்றி வளைத்து நான் சொல்ல வந்தது இதுதான். ஹாலில் மாலையோடு இருக்கும் அத்தான் படத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவள் டிரம் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் டாக்டர் ரம்பம் கொண்டுவருகிறார். வேரோடு எடுப்பதில் அனுபவம் உள்ளவர், வலிக்காது என்கிறார். நீ திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு என் சார்பில் ஒரு முறை குரைத்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: காலையில் கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உன் போன் வந்துவிட்டது. "அத்தான் வெச்ச எலுமிச்சை தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருக்குடா. வாசல் டிரம்ல இருக்கிறது தானா முளைச்ச காட்டு எலுமிச்சைச் செடி, காயே காய்க்காது, பிடுங்கிப்போட மறந்துட்டேன்" என்று நீ சொன்னாய். நான் "சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்ததற்குக் காரணம், இவள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தோம். உன் எலுமிச்சை போர்வை, ஹீட்டர், வைத்தியம் எதுவும் இல்லாமல், நுனி மட்டும் லேசாகக் கருகி, மருந்துக்கும் ஒரு பூச்சி இல்லாமல் ஜம்மென்று நிற்கிறது. ஹாலுக்குத் திரும்பியபோது டாக்டர் ரம்பத்தோடு காத்திருந்தார். இவள் குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை. "ரம்பத்தை எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள். காட்டுச் செடியாமே என்றேன். "இருக்கட்டும். அண்ணி வந்து அவங்க எலுமிச்சையைப் பார்த்துக்கட்டும். இது நம்மளுது" என்றாள். ஆகவே நீ வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அதற்குள் நாங்கள் எங்களுக்கென்று ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும். அறை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லையாம், வாசல் கதவில் டிரம் நுழைய வேண்டுமாம்.