திருமலைராயன்பட்டினத்துப் பனிச்சிகரம்

ஒரு தேசம் என்று இருந்தால் அதற்குக் கொடி வேண்டும், கஜானா வேண்டும், மலையும் வேண்டும். காரைக்காலில் கொடி மாறி இரண்டு வருஷம் ஆகவில்லை. கஜானாவுக்குப் புதுப் பூட்டும் போட்டாகிவிட்டது. மலைதான் பாக்கி.

அந்த நாளில் வடக்கே இருக்கிற பெரிய சிகரத்தில் யாரோ இரண்டு பேர் ஏறிவிட்டு வந்திருந்தார்கள். அவர்கள் பாட்டுக்கு ஏறினார்கள், இறங்கினார்கள். ஆனால் அவர்கள் இறங்கிய பிறகு, தேசத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கால் அரிக்க ஆரம்பித்தது. மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது: 'இளைஞரிடையே பனிமலை ஏறும் வீரத்தை வளர்க்கும் பொருட்டு, ஒவ்வொரு பிரதேசமும் தன் எல்லைக்குட்பட்ட பனிச்சிகரத்தில் பயிற்சி நடத்தி, ஏறினோர் தொகையை மாதந்தோறும் தெரிவிக்க வேண்டியது.'

காரைக்காலில் எந்தத் திசையில் நடந்தாலும் வயல் வரும். வயல் முடிந்தால் கடல் வரும். ஏறுவதற்கென்று இருப்பது தென்னை மரமும் மாட்டு வண்டியும். ஆகவே குமாஸ்தா பூமிநாதன் பணிவோடு எழுதினார்: 'இப்பிரதேசத்தில் மலை இல்லை.'

பதில் வந்தது: 'மலை இல்லாமைக்குக் காரணம் என்ன? எந்தத் தேதிக்குள் ஏற்படுத்தப்படும்?'

பூமிநாதன் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே அதே நாற்காலியில் இருந்தவர். அப்போது 'முசே' என்றார்; இப்போது 'சார்' என்கிறார். முதுகு வளைகிற கோணத்தில் மட்டும் மாற்றம் கிடையாது. மலையை ஏற்படுத்துகிற வழி அவருக்குத் தெரியவில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிப் போட்டார். பரிசீலனையை நேரில் பார்வையிட ஒரு சிகர அதிகாரியே புறப்பட்டு வந்துவிட்டார்.

அவர் வருவதற்குள் கனகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலை அவளுடையதுதான்.

கனகத்துக்கு, அதே பிரதேசத்துத் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரையில் கருவாட்டு வியாபாரம். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டில் ஆம்பளை என்று தம்பி வைத்திலிங்கம் ஒருத்தன். அவனுக்குக் கடலே ஆகாது. தோணியில் காலை வைத்தால் வாந்தி. கொஞ்சம் படித்திருந்தான். சர்க்கார் உத்தியோகம் ஒன்று வந்து தன்னைக் கூப்பிடும் என்று தெருமுனையில் தலைவாரிக்கொண்டு நின்றிருந்தான்.

அந்த வருஷம் கனகம் துணிந்து ஒரு காரியம் செய்தாள். காதிலும் கழுத்திலும் கிடந்ததை அடகு வைத்து, வேதாரண்யத்திலிருந்து தோணி தோணியாக உப்பு இறக்கினாள். ஆனி மாதத்தில் உப்பு மலிவு. மழைக்காலம் வந்து உப்பளமெல்லாம் முழுகின பிறகு, தை பிறந்து கருவாடு போடும்போது எல்லாரும் உப்புக்கு அலைவார்கள். அப்போது இவள் வாசலுக்குத்தான் வரவேண்டும். வீட்டுக்குப் பின்னால் தன் மணல்மேட்டில் அம்பாரமாகக் குவித்தாள். கூரைக்கு மேலே தலை தெரிந்தது. ஐப்பசி மழை இறங்குமுன் கீற்றைப் போட்டு மூடிவிட்டால் பிழைத்தாள். மூடாவிட்டால் அவள் நகையெல்லாம் கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போய்விடும்.

ஆவணி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு பகலில் கனகம் அம்பாரத்தின் மேல் நின்று, சரிந்த ஓரத்தை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தாள். கீழே ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு கம்பளிக் கோட்டு இறங்கியது. கோட்டுக்குள் சிகர அதிகாரி இருந்தார். கழுத்தில் மப்ளர், கையில் பனிக்கோடரி, கண்ணில் கன்னங்கரேல் என்று ஒரு கண்ணாடி. எதிரே உப்பு வெள்ளை வெளேரென்று மின்னியது.

அதிகாரி நின்றார். பார்த்தார். நெற்றி வியர்வையை மப்ளரால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பனி!"

"ஆமாம் சார்," என்றார் பக்கத்தில் நின்ற பூமிநாதன். சார் சொன்னதற்கு வேறு பதில் அவர் பழகியதில்லை.

"உச்சியில் ஒரு பெண்மணி நிற்கிறாளே?"

"இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க ரொம்ப வீரம் சார்."

"யாருங்க அது?" என்று மேலேயிருந்து கனகம் கத்தினாள். "உப்பு மேல செருப்புக் காலோட ஏறாதீங்க!"

"என்ன சொல்கிறாள்?"

"உப்புங்கறா சார். ஜனங்க பனியைக் கண்டதில்லை. வெள்ளையா இருந்தா உப்புன்னுடுவாங்க."

"பாவம்," என்றார் அதிகாரி.

"ஒரு கல்லை வாயில போட்டுத்தான் பாருங்களேன்!" என்றாள் கனகம்.

அதிகாரி கைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பனியை வாயில் இடலாகாது, தொண்டை கட்டும் என்று ஒரு விதி இருந்தது. ருசி பார்க்கிற விவகாரம் அத்தோடு சட்டப்படி தீர்ந்தது.

மறுநாள் மேட்டில் பலகை நட்டார்கள். 'காரைக்கால் பனிச்சிகரம். அரசுப் பயிற்சித் தலம். இங்குள்ள பனியை விற்பதும் மூடுவதும் தண்டனைக்குரிய குற்றம்.'

கனகம் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டாள்.

"ஏங்க, போன மாசம் நார்த்தங்கா ஊறுகாய் போட எங்கிட்டதானே உப்பு வாங்கிட்டுப் போனீங்க?"

"அது போன மாசம்மா. அப்ப அது உப்பு," என்றார் பூமிநாதன்.

"இப்ப?"

"இப்ப மேலிடத்துக்கு எழுதியாச்சு."

"எழுதிட்டா உப்பு பனியாயிடுமா?"

"எழுதறதுக்கு முன்னாடி நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்." பூமிநாதன் குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாம கேளுங்க. புரட்டாசிக் கடைசியோட பயிற்சி முடியுது. அப்புறம் உங்க சரக்கு உங்களுக்கு. நாலு பேரு ஏறி இறங்கினா தேஞ்சா போயிடும்? 'என் மேட்டில் இருப்பது பனிதான்'னு ஒரு கையெழுத்துப் போடுங்க. சிகரத்துக்குக் காவலாளி போஸ்ட் ஒண்ணு வருது. உங்க தம்பி சும்மாத்தானே நிக்கிறான்?"

சண்டைக்கு வந்தவள்தான் கனகம். போஸ்ட் என்று காதில் விழுந்ததும் இடுப்பில் சொருகின முந்தானை தானாகக் கீழே இறங்கியது.

"பென்ஷன் உண்டுங்களா?"

"உண்டு."

"புரட்டாசியோட முடிஞ்சுடுமில்ல?"

"முடிஞ்சுடும்."

போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பிறகு பட்டினத்துக்குப் பிடித்தது பாருங்கள் ஒரு பைத்தியம்! சிகரம் ஏறினவர்களுக்கு 'பனிச்சிகர வீரர்' என்று சர்டிபிகேட்டு. சர்டிபிகேட்டு உள்ளவர்களுக்கு உத்தியோகத்தில் முன்னுரிமை. கம்பளி இல்லாமல் ஏறக்கூடாது என்பது விதி. கடைத்தெருவில் ஜவுளி வியாபாரி காதர் பாட்சா மரைக்காயரிடம், எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலோ தவறுதலாக வந்து இறங்கிய கம்பளிச் சட்டை மூட்டைகள் எலிக்கு வீடாகக் கிடந்தன. எலிகளை எழுப்பி அனுப்பிவிட்டு மூட்டையைப் பிரித்தார். புழுக்கம் தாளாமல் நாய் நாக்கைத் தொங்கப் போடுகிற வீதியில், ஊர் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நடந்தது.

"மரைக்காரே, உங்களுக்குமா அது பனியாப் போச்சு?" என்று கனகம் கேட்டாள்.

"அல்லாஹ் அறிய, நான் பனின்னு ஒரு நாளும் வாயால சொன்னதில்ல தங்கச்சி. 'குளுருதா'ன்னுதான் கேக்கறேன். அவங்க ஆமாங்கறாங்க."

நெரவியிலிருந்து ஒரு பெரிய மிராசுதார் வந்தார். இரண்டு பண்ணையாட்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். உச்சியில் அவருக்கு மெடல் குத்தினார்கள். தூக்கினவர்களைச் சாமான் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தலத்தெரு வாத்தியார் ஒருவர் கம்பளிக்குள் வெந்து மயங்கி விழுந்தார். 'கடுங்குளிர்த் தாக்குதல்' என்று பதிவாகி அவருக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் "மாப்பிள்ளை உச்சி தொட்டவரா, அடிவாரத்தோட சரியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஏறினவர்கள் வெறுங்கையோடு இறங்கவில்லை. ஞாபகார்த்தமாக ஒரு பிடி அள்ளிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அல்லி கூடையோடு ஏறினாள்.

"ஞாபகார்த்தத்துக்குக் கூடை எதுக்குடி?" என்றாள் கனகம்.

"எங்க வீட்ல நாலு பேருக்கு ஞாபகம் வேணுமேக்கா."

சிகரம் நாளுக்கு நாள் இளைத்தது. 'பனி உருகுதல் இயற்கை' என்று அதிகாரி எழுதி அனுப்பினார். வைத்திலிங்கம் காவலாளியாகி, தொப்பியும் கம்பளியுமாகப் பலகைக்குப் பக்கத்தில் நின்றான். அவன் நிற்கிற அழகை வாசலிலிருந்து பார்த்துப் பார்த்துக் கனகத்துக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. உப்பு குறைவது அப்போதெல்லாம் அவள் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகவே தெரிந்தது.

புரட்டாசி முடிந்தது. கனகம் பூமிநாதனிடம் ஓடினாள்.

"முடிஞ்சுதான் இருக்கும்மா. ஆனா மேலதிகாரி பார்வையிட வர்றார். அவர் வர்றப்ப சிகரம் இல்லாம இருக்கலாமா? ஐப்பசிக் கடைசி வரைக்கும் இருக்கட்டும்."

"ஐப்பசியில மழையில்ல வரும்?"

"மழைக்கு முன்கூட்டியே எழுதிக் கேக்கற வழக்கமில்லைங்களே."

ஒரு நாள் காலையில் கிழக்கே கடலும் வானமும் ஒரே மையாக ஒட்டிக்கொண்டு நின்றன. ஈரக்காற்று வீசியது. கனகம் கீற்றுக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பலகைக்கு முன்னால் வைத்திலிங்கம் கையை நீட்டி மறித்தான்.

"தள்ளுடா."

"மூடக்கூடாதுக்கா. விதி."

"டேய், நம்ம உப்புடா! தோணியிலேருந்து நீதானேடா தலையில சுமந்து கொட்டினே?"

"தெரியாதாக்கா எனக்கு? வீட்டுக்கு வந்தா நல்லாத் தெரியும். டியூட்டில இருக்கறப்ப தெரியாது."

"என் கழுத்தைப் பாருடா. மஞ்சக் கயிறுகூட இல்லாத கழுத்துடா. இருந்த ஒரு சங்கிலியும் அந்தக் குவியல்லதான் கெடக்கு."

வைத்திலிங்கம் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தான். "நான் விட்டா என் போஸ்ட் போயிடும்க்கா. அப்புறம் நீதான் 'போஸ்ட் போச்சே'ன்னு அழுவே."

அவன் சொன்னதில் பொய் இல்லை. கனகத்தின் தலையில் கீற்று அப்படியே இருந்தது. அக்காவும் தம்பியும் எதிரெதிரே நிற்கும்போதே முதல் தூறல் விழுந்தது. அப்புறம் கொட்டியது. வெள்ளைச் சரிவில் முதலில் குழிகள் விழுந்தன, பிறகு வாய்க்கால்கள், பிறகு மேட்டிலிருந்து கடலைப் பார்க்க ஓர் ஓடை. மழை விட்டபோது பலகை மட்டும் இருந்தது. 'காரைக்கால் பனிச்சிகரம்.'

சிகர அதிகாரி 'பனிச்சரிவு, உயிர்ச்சேதம் இல்லை' என்று அறிக்கை எழுதினார். கனகம் தன் உப்புக்கு நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். அது உப்புதான் என்று சொல்ல ஒரே ஒரு சாட்சி போதும் என்றார்கள். ஊரே நக்கிப் பார்த்த உப்பு. சாட்சிக்கா பஞ்சம் என்று கனகம் கிளம்பினாள்.

"சொல்லலாம்தான். என் பாராட்டுப் பத்திரம்?" என்றார் தலத்தெரு வாத்தியார்.

"சொன்னா அத்தனை பேரும் கம்பளியைத் திருப்பிக்கிட்டு வந்து நிப்பாங்களே தங்கச்சி," என்றார் காதர் பாட்சா.

"எங்க வீட்டுக்காரரு சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காருக்கா," என்றாள் அல்லி.

விசாரணை மண்டபத்தில் கம்பளிகளின் கூட்டம். வியர்வை நாற்றத்தில் மேலதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இந்தாம்மா, நன்றாக யோசித்துச் சொல். உப்பு என்றால், பனி என்று பொய்க் கையெழுத்துப் போட்ட நீ உள்ளே போக வேண்டும். உப்பைக் காவல் காத்துச் சம்பளம் வாங்கிய உன் தம்பியும் போக வேண்டும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கூட வருவார்கள். பனி என்றால் ஒன்றுமில்லை. பனி உருகும். உப்பா, பனியா?"

கனகம் திரும்பிப் பார்த்தாள். கதவோரம் வைத்திலிங்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். ஊர் மொத்தமும் அவள் வாயைப் பார்த்தது. இத்தனை பேரும் தன்னை இவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அவளுக்கு நினைவில்லை.

"பனிங்க," என்றாள்.

மண்டபம் கைதட்டியது. தீர்ப்பும் அங்கேயே ஆயிற்று. நஷ்டஈடு இல்லை. சிகரம் இல்லாத காலத்தில்தான் அதற்குக் காவல் அதிகம் தேவை என்பதால் வைத்திலிங்கத்தின் வேலை நிரந்தரம். அடுத்த ஆவணிக்குள் மேட்டில் மறுபடி பனி விழச் செய்ய வேண்டியது இடத்துக்காரியின் பொறுப்பு.

வீட்டுக்கு வந்து கனகம் குழம்பு கூட்டினாள். உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள், அடி தட்டியது. ஊருக்கெல்லாம் உப்பு இறக்கினவள் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு அல்லி வீட்டுக்குப் போனாள். அல்லி வீட்டில் பானை பானையாக இருந்தது.

"கொஞ்சம் உப்புக் குடுடி."

"அய்யோ, மெதுவாக்கா!" அல்லி தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "விசாரணை முடிஞ்ச சூடே ஆறல. பேரச் சொல்லாதீங்க."

"வேற எப்படிக் கேக்கறது?"

"நீங்க என்ன சொன்னீங்களோ அப்படியே கேளுங்க."

கனகம் கேட்டாள். அல்லி அள்ளிப் போட்டாள்.

மத்தியானம் வைத்திலிங்கம் டியூட்டி முடிந்து வந்தான். தொப்பியை ஆணியில் மாட்டினான். கம்பளியைக் கழற்றவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான். மெல்ல ஆரம்பித்தவன் நிறுத்தினான். அக்காவை ஒரு தரம், வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"பனி கொஞ்சம் தூக்கலாப் போச்சுக்கா," என்றான்.