மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் ரூம்

அனுவின் கம்ப்யூட்டர் திரையில் இரண்டு வரிகள் இருந்தன. மாரிசெல்வம், ரூ. 2,200. சிஹாபுதீன், ரூ. 3,800.

மாரிசெல்வம் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தான்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் சேலைக் கம்பெனியில் அவனுக்குப் பதின்மூன்று வருஷ சர்வீஸ். சங்கரன்கோவில் சேலைகளை மதுரையிலும் சேலத்திலும் கடை கடையாக ஏறி இறங்கி விற்றவன். சிஹாபுதீன் கடையநல்லூர்க்காரன். துபாயில் ஒரு துணிக்கடையில் நின்றுவிட்டு வந்து, இங்கே சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஆனால் அவனுக்குச் சிரிக்கத் தெரியும். மாரிசெல்வம் சேலையை விரித்தால் வியாபாரி சேலையைப் பார்ப்பார். சிஹாபுதீன் விரித்தால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆர்டர் கொடுப்பார். முதலாளிகூட இப்போதெல்லாம், "சிஹாபு சாப்பிட்டானா?" என்று கேட்கிறார். மாரிசெல்வம் சாப்பிட்டானா என்று பதின்மூன்று வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் சென்னையில் ஒரு பெரிய கடைக்காரரைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். இரண்டு ராத்திரி தங்கல். கம்பெனி ஆட்களுக்கு ரூம் போடுவது அனுவின் வேலை.

அனு சாப்பிட்டுவிட்டு வந்ததும் மாரிசெல்வம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டான்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஓட்டல்தானா?"

"இல்ல அண்ணாச்சி, ஒரே எடத்துல ரெண்டு ரூம் கெடைக்கல. உங்களுக்கு நல்லாத்தான் போட்டிருக்கேன்."

சின்ன லட்டு கிடைத்த பிள்ளையிடம் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தோன்றியது.

"எனக்கு ரூம் வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."

"ஏன் அண்ணாச்சி? அந்த ரேட்டுக்கு மொதல்லயே பணம் கட்டியாச்சு. கேன்சல் பண்ணுனா ஒரு பைசா திரும்பாது."

"அத என்னமும் பண்ணிக்கோ. எனக்கு வேண்டாம்."

அனு தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

மாரிசெல்வம் கம்பெனி மாடிக்குப் போய் போனில் ரூம் போடும் ஆப்பைத் திறந்தான். ரூம் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை. சிஹாபுதீன் ரூமைவிட விலை கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒன்று இருந்தது. நூறு ரூபாய் வித்தியாசம் வெளியே தெரியாது என்று விட்டான். நாலாயிரத்து நூற்றைம்பது. அது சரியாகப் பட்டது. கீழே சின்ன எழுத்தில் ஏதேதோ போட்டிருந்தது. அதைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. இரண்டு ராத்திரிக்கும் சேர்த்துச் சொந்தப் பணம் போனது. மனசு குளிர்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் மனைவி சுகிர்தா வாசலிலேயே போனோடு நின்றாள். அந்த ஆப் அவள் நம்பரில் இருப்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"தம்பதியர் சிறப்பு ரேட்டுன்னு வந்திருக்கு," என்றாள். "ரெண்டு பேருக்கு ரூம். கட்டில்ல ரோசாப்பூ. ஒரு கிலோ கேக்கு. அது யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

மாரிசெல்வம் போனை வாங்கிப் பார்த்தான். சின்ன எழுத்தில் எல்லாம் இருந்தது. பணம் திரும்ப வராது என்பதும் இருந்தது. சிஹாபுதீன்மேல் வயிற்றெரிச்சலில் போட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்பிவிட்டால் அதைவிடக் கேவலம்.

"நீதான்," என்றான்.

சுகிர்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி பதினோரு வருசத்துல தென்காசியத் தாண்டி எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கீளா? நீங்க நல்லா இருப்பிய."

அந்தச் சந்தோஷத்தில் அவள் திருவேங்கடத்திலிருக்கும் அம்மாவுக்கும் போன் போட்டாள். மறுநாள் காலை பத்து மணி பஸ்ஸில் மாமியார் சீனியம்மாள் பெரிய பையோடு வந்து இறங்கினாள்.

"மக மட்டும் கடலப் பாக்கணுமோ? எங்க தெருவுல நான் ஒருத்திதான் இன்னும் மெட்ராசப் பாக்கல. மூலைவீட்டுக்காரி மூணு தடவ போயிட்டு வந்திட்டா."

மாரிசெல்வம் ஓட்டலுக்குப் போன் செய்தான். மூன்றாவது ஆளுக்கு ஒரு பாய் போட முடியுமா என்று கேட்டான்.

"சார், இது தம்பதியர் ரேட்டு. மூணாவது ஆளுக்கு இடமில்ல. தனி ரூம்தான் எடுக்கணும்," என்றது ஒரு மரியாதையான குரல். "அவங்களுக்கும் பூ அலங்காரம் வேணுமா சார்?"

"வேண்டாம்," என்றான் மாரிசெல்வம். இரண்டாவது ரூமுக்கும் பணம் கட்டினான்.

விஷயம் கம்பெனிக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"என்னவே, குடும்பத்தோட சென்னைக்குக் கெளம்புதீராமே?"

"சும்மா, அப்படியே சுத்திக் காட்டிட்டு..."

"நல்ல காரியம். மாமியாரயும் கூட்டிட்டுப் போற மருமகன் இந்தக் காலத்துல எவன் இருக்கான்? ஆனா அதக் கம்பெனிக் கணக்குல செய்யப்பிடாதுல்லா. லீவு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாப் போயிட்டு வாரும். கடைக்காரர்கிட்ட சிஹாபு பேசிக்கிடுவான்."

"அண்ணாச்சி, அவரு என்னோட பழைய பார்ட்டி. நான் பிடிச்ச கடை."

"இருக்கட்டும்வே. அவனும் படிக்கட்டும்."

மாரிசெல்வம் லீவு எழுதினான். 'குடும்பச் சுற்றுலா' என்று எழுதும்போது பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அவன் மூன்று பைகளுக்கு நடுவில் நின்றான். சுகிர்தா தலை நிறைய மல்லிகைப்பூ வைத்திருந்தாள். சீனியம்மாள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு மொழம் வாங்கத் தோணிச்சா?" என்று மருமகனிடம் கேட்டாள். அவன் வெளியே ஓடி வாங்கிவந்தான்.

சிஹாபுதீன் ஒரே ஒரு சின்னப் பெட்டியோடு, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தான். பின்னாலேயே அனு சாம்பிள் சேலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, ரொம்ப நன்றி," என்று சிஹாபுதீன் மாரிசெல்வத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "உங்க மனசு யாருக்கும் வராது."

தன்னுடைய பார்ட்டியைப் பறித்துக்கொண்டு போகிறவன் நன்றியும் சொல்கிறான் என்று மாரிசெல்வத்துக்கு நெஞ்சு எரிந்தது. சிஹாபுதீன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனதும் அனுவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நான் பாத்துட்டேன் அனு. அவனுக்கு மூவாயிரத்து எண்ணூறு, எனக்கு ரெண்டாயிரத்து எரநூறு. இது ஞாயமா, நீயே சொல்லு."

அனு சேலைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"அவருக்குப் போட்டது ரெண்டு நாளைக்கும் சேத்து அண்ணாச்சி, ஜன்னல்கூட இல்லாத ரூம், உங்களுக்குப் போட்டதுதான் ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து எரநூறு. சீனியருக்கு மட்டும் நல்ல ரூமான்னு அவரு அன்னைக்குப் பூரா சோறு திங்கல, நீங்க வேண்டாம்னத அவரு பேருக்கு மாத்துன பெறகுதான் மனுசன் சிரிக்காரு."