இன்னும் கொஞ்சம் வேகட்டும்

விலா எலும்பு குக்கருக்குள் போகவில்லை.

நேராக வைத்துப் பார்த்தான். குறுக்காக வைத்துப் பார்த்தான். வளைத்தும் பார்த்தான், அது பணிவாக வளைந்து கொடுத்துவிட்டு, கையை எடுத்ததும் நிமிர்ந்து அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்தது. ஒரு முழத்துக்கும் மேல் நீளமான, எலும்புகள் வரிசையாகச் சேர்ந்த முழு விலா. கறிக்கடைக்காரர் "துண்டு போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டபோது, "அவசரம், அப்படியே கொடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தவன் அவன்தான்.

"என்னங்க, எந்த அளவுல இருக்கு?" ஹாலிலிருந்து மனைவி கேட்டாள்.

"அடுப்புல ஏத்தியாச்சும்மா!"

அடுப்பை அவன் இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவே பத்துப் பேரோடு நின்றுபோன லிஃப்ட்டை இருபது நிமிஷத்தில் இறக்கிவிடுவான். அப்போதெல்லாம் அவன் குரல்கூட உயராது. ஆனால் மனைவி ஒரு தும்மல் போட்டால் போதும், அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. போன பத்து நாளில் இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தான். முதல் தடவை அது வெறும் வாயு. இரண்டாவது தடவை, மத்தியானத் தூக்கத்தில் அவள் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சொன்னாள். கனவில் வந்தது பஸ். பிரசவ வார்டு நர்ஸ் இரண்டு முறையும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றாள். "நீங்களும்தான் சார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம், கர்ப்பத்தின் மூன்றாவது மாதத்திலேயே, அதே ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். வழி முழுக்க அவன் காரை இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டவில்லை. அதைப் பற்றி அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இந்த முறை மருத்துவர் குறித்த தேதி தாண்டி மூன்று நாள் ஆகிவிட்டது. காலையிலிருந்து அவன் கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். பத்தேகால் மணிக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு ரிப்ஸ் சாப்பிடணும் போல இருக்கு. மேல சாஸ் எல்லாம் பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருக்குமே, அது. தொட்டா எலும்புலேர்ந்து கறி தானா கழண்டு வரணும். நீங்களே செய்யணும்."

ஒன்பது மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிதானமா செய்யுங்க. மூணு நாலு மணி நேரம் ஆனாலும் பரவால்ல."

"நாலு மணி நேரமா! பசியோட இருக்கிற உன்னை அவ்வளவு நேரம் காக்க வைப்பேனா? ஒரே மணி நேரத்துல தட்டுல இருக்கும், பாரு."

"வேண்டாம், வேண்டாம். மெதுவா வெந்தாத்தான் நல்லா இருக்கும்" என்றாள் அவள். ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்குப் பாடம் நடத்துகிறவள். எதையும் அதட்டாமல் சொல்வாள். ஆனால் அவன் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் பாதி தூரம் இறங்கியிருந்தான்.

இப்போது எலும்பு குக்கருக்குள் போகவில்லை.

சமையலறைக் கத்தி எலும்பில் பட்டு வழுக்கியது. அவன் தன் கருவிப் பெட்டியைத் திறந்து, இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்தான். அதில் புது பிளேடு மாட்டி, வெந்நீரில் மூன்று தரம் கழுவினான். ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு சத்தம் கிளம்பியது.

"வீட்டுக்குள்ள என்னங்க அறுக்கிறீங்க?"

"வெங்காயம்!"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் கதவு வழியாக எட்டிப் பார்த்துப் பதறிப்போனான்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல." மூச்சை நீளமாக விட்டாள். "வாசனை நல்லா இருக்கு. அதை அனுபவிக்கிறேன்."

கறி இன்னும் பச்சையாக இருந்தது. பாவம், பசி மயக்கம் என்று நினைத்துக்கொண்டு அவன் வேகத்தைக் கூட்டினான்.

கறிக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டான். "அண்ணே, சீக்கிரமா பஞ்சு மாதிரி ஆகணும். என்ன பண்றது?"

"பின்பக்கம் ஒரு சவ்வு இருக்கும் தம்பி. அதை உரிச்சுட்டீங்களா? உரிக்கலன்னா ரப்பர் மாதிரிதான் இருக்கும். உரிச்சுட்டுக் குக்கர்ல அரை மணி நேரம். அப்புறம் சாஸ் தடவி, ஓவன்ல பத்து நிமிஷம். அவ்வளவுதான்."

சவ்வு விரலுக்குப் பிடி கொடுக்கவில்லை. இடுக்கியை எடுத்து, அதன் நுனியைப் பிடித்து, காலை அலமாரியில் உதைத்துக்கொண்டு இழுத்தான். கடைசித் துண்டின் சவ்வு சட்டென்று கழன்று வந்தது. அவனும் அதோடு சேர்ந்து பின்னால் போனான். அவன் முழங்கை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் புது சாஸ் பாட்டில் இருந்தது.

"என்ன உடைஞ்சுது?"

"பழைய பாட்டில்மா. தேவையில்லாதது."

உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி, தரையைத் துடைத்து, தக்காளி சாஸோடு சர்க்கரை, வினிகர், பூண்டு, மிளகாய்த் தூள் எல்லாம் போட்டுக் கிளறினான். முதல் தடவை சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியதால் இரண்டு தடவை கிளற வேண்டியிருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கறியைக் குக்கரில் அடுக்கி மூடியை எடுத்தால், அதில் ரப்பர் வளையம் இல்லை.

"குக்கர் ரப்பரைப் பார்த்தியாம்மா?"

"அங்கேதானே இருக்கும்? தேடுங்க, கிடைக்கும்."

எல்லா டிராயரையும் கவிழ்த்தான். சிங்க்குக்கு அடியில் படுத்துப் பார்த்தான். குப்பைக் கூடையைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டு, தரையை மறுபடி துடைத்தான். கடைசியில் அது குழந்தைக்காக வாங்கி வைத்த தொட்டிலில், சின்ன மெத்தைக்கு அடியில் கிடைத்தது. ஒன்பதாவது மாதத்தில் மறதி வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறான். அவள் மனம் நோகக் கூடாது என்று, எங்கே கிடைத்தது என்பதையே சொல்லவில்லை.

"கிடைச்சிடுச்சு! இனி அரை மணி நேரம்தான்!"

"அதுக்குள்ள கிடைச்சிடுச்சா?" என்றாள் அவள். எழுந்து ஹாலில் மெதுவாக நடக்க ஆரம்பித்தாள். ஜன்னல்வரை போய்த் திரும்பி, சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"பசிக்குதா?"

"ரொம்ப இல்லை. விட்டு விட்டுத்தான் பசிக்குது."

ஒரு மணிக்குக் குக்கரைத் திறந்தான். ஆவி அடங்கியதும், வெந்த துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து ஊதி ஊதி அவளிடம் கொண்டுபோனான். தட்டைச் சாய்த்தபோதே கறி எலும்பை விட்டு நழுவியது. அவள் நகத்தளவு பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்தாள். நெற்றியில் வியர்வை.

"இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

"இதுக்கு மேலயா? எலும்பே வெந்துடும் போலிருக்கு!"

"நடுவுல ஒரு நரம்பு மாதிரி தட்டுது" என்றாள் அவள் முகத்தை மாற்றாமல்.

இன்னும் இருபது நிமிஷம் வேக வைத்தான். எலும்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. தட்டில் வைத்தால் ரிப்ஸ் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவன் ஒவ்வொரு எலும்பையும் தேடி எடுத்து, கறியை அதன்மேல் சுற்றி, நூலால் கட்டினான். லிஃப்ட் கேபிளுக்குப் போடும் அதே முடிச்சு. சாஸைத் தடவி, ஓவனின் மேல் சூட்டை முழு வேகத்தில் வைத்தான். நூலுக்கும் சர்க்கரைக்கும் அவ்வளவு சூடு ஆகாது என்பது அவனுக்குத் தெரியாது.

முதலில் நூல் பற்றியது. அப்புறம் சர்க்கரை புகைந்தது. கூரையில் இருந்த புகை அலாரம் அலற, அதைக் கேட்டுக் கட்டிடத்தின் பெரிய அலாரமும் அலறியது. அந்தப் பழைய கட்டிடத்தில் அலாரம் அடித்தால் லிஃப்ட் கீழே போய்த் திறந்து நிற்க வேண்டும். ஆனால் அது இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அதை மாற்றச் சொல்லி அவனே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சுவருக்கு அப்பாலிருந்து மேல்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "தம்பீ! நான் உள்ள இருக்கேன்! துணிக்கூடையோட இருக்கேன்!"

அவன் ஓவனை அணைத்தான். மனைவியைப் பார்த்தான். லிஃப்ட் இருந்த பக்கம் பார்த்தான். மறுபடி மனைவியைப் பார்த்தான்.

"போங்க" என்றாள் அவள், ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விட்டபடி. "அக்கா பாவம். போயிட்டு நிதானமா வாங்க."

மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஓடினான். பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினான். அந்த அறைக்குள் நுழைந்ததும் அவன் வேறு ஆள். "பயப்படாதீங்கக்கா. நான் வந்துட்டேன். கதவைத் தொடாதீங்க, மெதுவா இறங்குது பாருங்க" என்று கேபிள் இறங்கும் துளை வழியாக அவன் சொன்னதில் ஒரு நடுக்கமும் இல்லை.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. சமையலறை துடைத்துச் சுத்தமாக இருந்தது. கருகின நூலையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டு, மிச்சக் கறியை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பையும் டப்பாவும் வாசலில் இருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ஷூ இரண்டும் காலடியில்.

"கறி வெந்துடுச்சு. கிளம்பலாமா?"

"எங்கே?"

"ஷூவை மட்டும் மாட்டிவிடுங்க. என்னால குனிய முடியல."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முட்டி போட்டு உட்கார்ந்தான். ஷூ லேஸ் விரலில் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எலும்பில் அத்தனை முடிச்சுப் போட்ட கை அது.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்ன சொல்வீங்க, லிஃப்ட்டுல?" என்று கேட்டாள்.

"பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்னு..."

"அதை இப்போ சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான். போன வருஷம் காரில் சொல்லாமல் விட்டதெல்லாம் அதற்கு முன்னால் வந்து நின்றது. அவள் அவன் தலையில் கை வைத்து, அவன் கூடவே மூச்சு வாங்கினாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "நான் இருக்கேன்."

அதன்பிறகு லேஸ் சரியாக விழுந்தது. அவளை அணைத்துப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனான். காரை அளவான வேகத்தில் ஓட்டினான். சிவப்பு விளக்கில் நின்றான். யாரையும் திட்டவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குள் பெண் பிறந்தாள். கையில் வாங்கினபோது அவன் மூச்சுகூட விடவில்லை. பிள்ளை விழித்துக்கொள்ளும் என்று பயம். தாயும் மகளும் தூங்கின பிறகு வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். அப்போதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. டப்பாவைத் திறந்தான். கறி ஆறிப் போயிருந்தது. ஓரமெல்லாம் கருப்பு. ஆனால் விரல் பட்டதும் பஞ்சாகப் பிரிந்தது.

பிரசவ வார்டு நர்ஸ் பணி முடிந்து கைப்பையோடு அந்தப் பக்கம் வந்தாள். இரண்டு முறை அவர்களைத் திருப்பி அனுப்பிய அதே நர்ஸ்தான்.

"சிஸ்டர், கொஞ்சம் எடுத்துக்குங்க. நானே செஞ்சது."

நர்ஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். "அட, நல்லாத்தான் வந்திருக்கு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஒரு மடையன் சிஸ்டர். அவ ஆசையா ஒண்ணு கேட்டா. நான் சமையலறையில ரம்பமும் இடுக்கியுமா கூத்தடிச்சுக்கிட்டிருந்தேன். அவளுக்கு வலி எப்போ ஆரம்பிச்சதுன்னுகூட எனக்குத் தெரியாது."

நர்ஸ் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பத்து மணிக்கே ஆரம்பிச்சுடுச்சு சார். 'இன்னும் நாலு மணி நேரம் வீட்லயே இருக்கச் சொல்றீங்களே, அதுவரைக்கும் இவரை என்ன பண்றது?'ன்னு ஃபோன்ல அழாத குறையா கேட்டாங்க. ரிப்ஸ் கேளுங்கன்னு நான்தான் சொன்னேன். என் ரெண்டு பிரசவத்துக்கும் எங்க வீட்டுக்காரர் அதைத்தான் சமைச்சுக்கிட்டிருந்தார்."