மச்சானை விரட்ட ஒரு லினக்ஸ்

சனிக்கிழமைக்குள் வீட்டுக் கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றியே தீருவதென்று மொழிபெயர்ப்பாளர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

வெளியே சொன்ன காரணம் தொழில்நுட்பம். உள்ளே இருந்த காரணம் மச்சான். அதாவது மனைவியின் அண்ணன், குடியிருப்போர் சங்கச் செயலாளர். சனிக்கிழமை தவறாமல் வந்து, மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில் உட்கார்ந்து, மாடி வீடு, எதிர் வீடு என்று பாரபட்சமில்லாமல் எல்லோர் மீதும் புகார் மனு தட்டுவார். அவருக்குத் தெரிந்தது விண்டோஸ் மட்டும். அதைத் தூக்கிவிட்டால் ஆளும் வரமாட்டார், இவரும் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

"எதுக்குங்க மாத்தணும்? நல்லாத்தானே ஓடுது?" என்றாள் மனைவி.

"லினக்ஸ்னா வெறும் சாஃப்ட்வேர் இல்லம்மா, அது ஒரு கொள்கை. தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தரணும். அதுதான் அதோட தர்மமே."

"கஷ்டமா இருக்குமா?"

"சின்னக் குழந்தைகூடக் கத்துக்கும்."

"அப்ப சரி" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே சரி சொன்னதில்லை. அப்போதே அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

பென்டிரைவில் ஏற்றினார். சொதப்பினார். மறுபடி ஏற்றினார். பிரிண்டர் முரண்டு பிடித்தது, வைஃபை முகம் கொடுக்கவே மறுத்தது. மனுஷன் விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மறுநாள் மச்சான் வந்தார். திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஒண்ணையும் காணோம்?"

"லினக்ஸ் போட்டுட்டேன், மச்சான். உங்களுக்குப் பழக்கமில்லையே, என்ன பண்றது?" குரலில் துக்க வீட்டுச் சோகம். உள்ளுக்குள் ஒரே குளுகுளு.

மச்சான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"எங்கண்ணா கிளம்பிட்டே?" என்று மனைவி வாசலை மறித்தாள். "தெரிஞ்சவங்க தெரியாதவங்களுக்குச் சொல்லித் தரணுமாம். இவர்தான் சொன்னார்."

"இல்லம்மா, மச்சானுக்கு எதுக்கு வீண் சிரமம்..." என்று இழுத்தார் மொழிபெயர்ப்பாளர்.

"சின்னக் குழந்தையே கத்துக்குமாமே. அண்ணா, வாரத்துல ஒரு நாள்னா மறந்துபோகும். தினமும் சாயங்காலம் வந்துடு."

மச்சான் நெகிழ்ந்துபோய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தில் இன்னும் சிலருக்கு ஆர்வம் இருக்கிறது, அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதவைச் சாத்திவிட்டு மனைவி திரும்பினாள்.

"அண்ணன் வர்றது பிடிக்கலன்னு என்கிட்ட நேரா சொல்லியிருந்தா, நானே நிறுத்தியிருப்பேனேங்க."